இத்யாதி

முன்மொழிவின் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
"வேலையின் வரம்பு" என்று தடித்த எழுத்தில் தலைப்பு.
கீழே ஒன்றுமில்லை.
ஜன்னலில் கிளைப்பேதா துறைமுகம்.
கிரேன் ஒன்று மூடுபனிக்குள் எதையோ தூக்கி
வேறெங்கோ வைத்துக்கொண்டிருக்கிறது.
அதன் வேலை அதற்குத் தெரிந்திருக்கிறது.

ரிம்விதாஸின் கடிதம் சுருக்கம்:
காயலுக்கு அப்பால், நிதாவில் என் கடை.
வாடகை சைக்கிள் இருநூற்று நாற்பது.
பதிவு, பணம், பூட்டு, பழுது, இத்யாதிக்கு
ஒரு மென்பொருள் வேண்டும். எவ்வளவு ஆகும்?

பதிவுக்கு ஆறு நாள்.
பணத்துக்கு ஒன்பது, வங்கி ஒத்துழைத்தால்.
பூட்டு செய்த கம்பெனி உயிரோடு இருக்கிறதா
என்று பார்க்க அரை நாள்,
இல்லையென்றால் பத்து.
இத்யாதிக்கு?

போன குளிர்காலத்தை ஓர் இத்யாதி தின்றது.
கௌனாஸில் ஒரு பல் மருத்துவர்.
நான்கே வாரம் என்று கையெழுத்துப் போட்டேன்.
இத்யாதிக்குள்ளிருந்து முதலில் ஒரு பழைய பிரிண்டர் வந்தது,
பிறகு மூன்று மொழிகளில் நினைவூட்டல்,
பிறகு மருத்துவரின் மைத்துனர்,
அவருக்கொரு தள்ளுபடி,
அந்தத் தள்ளுபடி வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது.
ஏப்ரலில் கணக்குப் பார்த்தேன்.
மீன் சந்தையில் செதில் உரசியிருந்தால்
மணிக்கு இரண்டு யூரோ கூடக் கிடைத்திருக்கும்.

அதனால் இம்முறை வக்கீல் மாதிரி எழுதினேன்:
"மேலே பெயர் சொல்லப்படாத எதுவும்
இந்த விலையில் அடங்காது."
வாசித்தேன். முகத்தில் கதவு சாத்தியது போலிருந்தது.
அழித்தேன். திரும்ப எழுதினேன்.
வில்னியூஸில் எவனோ இதைவிட மலிவாகக் கேட்டிருப்பான் என்று
நாலாயிரம் குறைத்தேன்.
வீட்டு வாடகைத் தேதி நினைவுக்கு வந்ததும்
மூவாயிரத்தை மறுபடி ஏற்றினேன்.

இரவு ஒன்பதரைக்கு அழைத்துக்
கேட்டே விட்டேன்:
அந்த இத்யாதியில் என்ன இருக்கிறது?

அந்தப் பக்கம் சங்கிலி ஒன்று சுற்றி நிற்கும் ஓசை.
"தெரியாது, ஔஸ்தேயா.
அதையெல்லாம் யோலிதா பார்த்தாள்.
மார்ச்சில் நார்வேக்குப் போய்விட்டாள்.
வருவதாக இல்லை.
என்னவெல்லாம் செய்தாள் என்று
ஒவ்வொன்றாக நின்றுபோகும்போதுதான் தெரிகிறது.
செப்டம்பரில் இரண்டு ஜெர்மன்காரர்கள்
பையோடு வந்து நின்றார்கள்.
கடைசி பஸ்ஸை விட்டவர்களுக்கு
மாடியில் படுக்கை கொடுப்பாளாம்.
பட்டியலா? அவள் பட்டியல் போடுகிறவள் இல்லை.
நான் கேட்கிறவனும் இல்லை."

பதினோரு வருடமாக இந்தத் தொழில்.
தனக்கு என்ன தேவை என்பதை
இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வரம்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
இத்யாதி. கடையில் உட்கார்ந்து
எது எது நின்றுபோகிறது என்று குறித்துக்கொள்ளுதல்.
பன்னிரண்டு நாள். நாள் கூலி. பாதி முன்பணம்.
இரக்கத்துக்கென்று தள்ளுபடி போடவில்லை.
கௌனாஸ் வீண்போகவில்லை.

"அனுமானங்கள்" என்ற தலைப்பின் கீழ்
யோலிதா போனை எடுப்பாள் என்று எழுதினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எடுக்கமாட்டாள் என்று திருத்தினேன்.
விலையில் மூன்று நாள் கூடியது.

நள்ளிரவு தாண்டி அனுப்பினேன்.
காலை ஆறு மணிக்குப் பதில்:
"சரி. வரும்போது கையுறை கொண்டு வா,
கடையில் ஹீட்டர் ஓடவில்லை.
அதற்கு யாரைக் கூப்பிடுவாள் என்று"

அங்கேயே நின்றிருந்தது வாக்கியம்.
ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை,
ஒரு பைசா வரவில்லை,
நோட்டைத் திறந்து எழுதினேன்:
ஹீட்டர்.