அறுபது திரும்பும்

பள்ளத்தூருக்கு வெளியே
செம்புறாங்கல் வெட்டி ஓய்ந்த குழிக்குள்
இரும்புக் குழாய்கள் படுத்திருக்கின்றன.
உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம்,
நடக்கத்தான் முடியாது:
எழுபது பார் அழுத்தத்தில்
வெறும் காற்று.

பகல் பதினொன்றுக்குச் சென்னையிலிருந்து ஃபோன் வரும்.
கமுதிப் பக்கம் வெயில் கொட்டுகிறது,
வாங்க ஆளில்லை, இழுத்துக்கொள்.
ஸ்விட்சைப் போடுவேன்.
கருவேல முள்ளில் கிழிந்த காற்று,
லாரி டீசல் மணக்கிற காற்று,
எதிர் வீட்டுக் கருவாட்டுக் குழம்போடு வந்த காற்று,
எல்லாம் ஒரே வாய் வழியாக உள்ளே போகும்.
நெருக்க நெருக்க அதற்குச் சூடேறும்.
தேர் இழுக்கிற கூட்டத்தில் நின்றவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

தை பத்தொன்பது.
கணக்குப் பார்க்க வந்தார் ஆடிட்டர் சேவுகன்.
சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் சிவப்பு.
மீட்டர் தாள்களை விரலால் மேய்ந்துவிட்டு,
"நூறு யூனிட் போட்டிருக்கிறீர்கள்,
அறுபது எடுத்திருக்கிறீர்கள்.
எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கடை வைத்தால்
பெண் கொடுக்க மாட்டார்கள்" என்றார்.
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"மீதி நாற்பது எங்கே, ஜெயசீலி?"

சூடாகப் போய்விட்டது சார்.
கொஞ்சத்தைப் பிடித்துத் திருமயம் ஜல்லி நிரப்பிய
தொட்டியில் வைத்திருக்கிறோம்,
மெஷின்கள் கொஞ்சம் தின்றன,
மற்றது போய்விட்டது.
"போய்விட்டது என்று ஒரு தலைப்பு
என் பேரேட்டில் இல்லையே."

குழிக்குக் கூட்டிப்போனேன்.
மூன்றாம் குழாயின் மண் மூடாத முதுகில்
சுருண்டு கிடந்தது ஃபியூஸ்,
எங்கள் பிளான்ட் நாய்,
ஒரு காது மடங்கி, உலகமே வேண்டாம் என்ற தூக்கம்.
மாலை ஆறு. பனி இறங்குகிற நேரம்.
சேவுகன் குனிந்து நாய்க்குப் பக்கத்தில்
உள்ளங்கையை வைத்தார்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
"இவனுக்கு எத்தனை யூனிட்?"
அளக்கவில்லை என்றேன்.

ஆறு நாற்பது.
கமுதியில் இருட்டிவிட்டது.
ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சும்மா நிற்கின்றன.
இங்கேயோ முகூர்த்த நாள்:
கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட வீடுகளில்
ரிசப்ஷன் விளக்கு, டிஜே, குளிரூட்டிய மேடை,
காலை டிபனுக்கு மாவரைக்கும் கிரைண்டர்கள்
ஆத்தங்குடி வரைக்கும்.
ஃபோன்.
"எவ்வளவு நேரம் தாங்கும்?"
நாற்பத்தொரு நிமிடம்.
"திற."

வெள்ளைக்கண்ணு கதவடைத்துக் காதுறை மாட்டினான்.
திறந்தேன்.
அடைபட்டதற்குப் பழிவாங்குகிற மாதிரியெல்லாம் இல்லை,
காற்று விரிந்தது, அவ்வளவுதான்.
டர்பைன் பிடித்துக்கொண்டது.
விரிகிற காற்று தன் சூட்டையும் செலவழிக்கும்,
ஜல்லித் தொட்டி கொடுத்தது போதவில்லை,
போக்குக் குழாயின் வாயோரத்தில்
வெள்ளையாக ஏதோ படிந்தது.
சிவகங்கைச் சீமையில், கருவேலங்காட்டு நடுவில்,
ஐஸ்.
சேவுகன் நகத்தால் சுரண்டினார்.
நாக்கில் வைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.
வைத்தார்.

முள் இறங்கியது: எழுபது, அறுபத்து நான்கு, ஐம்பத்தொன்பது.
தூரத்தில் மண்டபத்து சீரியல் பல்புகள்
ஒரு முறைகூட இமைக்கவில்லை.
"பகலில் நாம் வாங்காமல் விட்டிருந்தால்?"
தகடுகளை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள் சார்.
நூறுமே பிறந்திருக்காது.
ம், என்றார்.
தாளில் ஏதோ எழுதினார், அடித்தார்,
அடித்ததன் மேலேயே திரும்ப எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்,
கை மறைத்தது.

முப்பதாவது நிமிடத்தில் ஃபியூஸ் எழுந்தது.
வயிற்றுக்கடியில் குழாய் சில்லிட்டிருக்க வேண்டும்.
உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு
நேராக என்னைப் பார்த்தது,
இது யார் வேலை என்று தெரியும் அதற்கு.

நாளைக்குப் பதினொன்றுக்கு மேலே வாடா, என்றேன்.