விழித்த முப்பதாவது நிமிடம்

கண் திறந்ததும் எழும்பக் கூடாது.
பல் துலக்கக் கூடாது, தேத்தண்ணி கூடாது.
பஞ்சுருளையை வாயில் அதக்கி
ஒரு நிமிடம்.
பிறகு குழாய், மூடி, நேரம்: 5.40.
பதினைந்து நிமிடம் கழித்து இன்னொன்று,
முப்பதில் ஒன்று, நாற்பத்தைந்தில் கடைசி.

விழித்த உடம்பு
எவ்வளவு வேகமாய்ப் பதறுகிறது என்று
எச்சில் சொல்லிவிடுமாம்.

பாசலில் இன்னும் இருட்டு.
முதல் ட்ராம் வளைவில் கிறீச்சிடுகிறது.
பிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில்,
நேற்றைய நான்கு குழாய்கள். பெயரில்லை.
0317 என்று மட்டும்.
இதென்னவென்று அம்மா கேட்கவில்லை;
தயிரை மேல்தட்டுக்கு மாற்றி வைத்திருந்தா.

சாருஜன் எனக்குப் பதினெட்டு நிமிடம் மூத்தவன்.
இரண்டாம் குழாய் கழிந்து
மூன்றாவதற்குக் காத்திருக்கும் இடைவெளிக்குள்
நான் பிறந்திருக்கிறேன்.
ஒரே ஐஸ்பழம், ஒரே கரண்டி,
எச்சில் பார்க்காமல் வளர்ந்தோம்.
இருபதாம் வயதில், சோதனைக் கிழமையில்,
அவனோடு ரேடியேட்டர் பேசத் தொடங்கியது.
நானும் காது வைத்துப் பார்த்தேன்.
தண்ணீர் ஓடுகிற சத்தம்.

போன செவ்வாய்
ஃபிராவ் ஆம்ஸ்லர் என் தலையில் தொப்பி மாட்டி
மயிருக்குள் குளிர்ந்த பசை விட்டார்.
ஒலியில்லாத பென்குயின் படம்.
காதில் பீப், பீப், பீப், பீப்,
எப்போதாவது ஒன்று
கொஞ்சம் நீளமாக.
"நீ கவனிக்க வேண்டாம்,
மூளை தானே திடுக்கிடும்."
அவனுடைய மூளை போதுமான அளவு திடுக்கிடவில்லையாம்.
என்னுடையது?
"தனியாளுக்குச் சொல்வதில்லை.
குழுவின் சராசரிதான்."
பசையைத் துடைக்கத் துவாய் தந்தார்.
மிகவும் மெதுவான துவாய்.

வீடு வரும்வரை
ட்ராம் மணி ஒவ்வொன்றுக்கும்
நான் திடுக்கிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்று அவனுக்கு வார இறுதி விடுப்பு.
6.08. குசினியில் வெளிச்சம்.
மாத்திரையால் தடித்த நாக்கோடு
"நித்திரை இல்லையா?" என்கிறான்.
கை நடுங்க, ததும்பத் ததும்ப
தான் பாதி குடித்த கோப்பையை
என் பக்கம் தள்ளுகிறான்.

6.10.
பஞ்சுருளை உள்ளங்கையில்.
ஆவி பறக்கிறது.

குடித்தேன்.

மூன்றாம் குழாய் வெறுமை.
படிவத்தில் அதற்கென்று ஒரு கோடு இருக்கிறது:
காரணம்.
தேத்தண்ணி என்று எழுதினேன்.
சீனி கூட.