பத்தில் ஒரு பங்கு

பெண்டில் ஹில், பின்வளவு.
மூன்றரைக்கு நாலு மீற்றர்.
நாலு தக்காளிக் கம்பும் நைலோன் கயிறும் போதுமாயிருந்தன
ஒரு அறை நிற்கப்போகும் இடத்தைச் சொல்ல.
கயிற்றைத் தாண்டாமல்
கதவு வரப்போகும் பக்கத்தால் சுற்றிவந்து
உள்ளே நின்றாள் வதனி.
"இதிலை தலைமாடு."

பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை.
காலை எட்டரைக்கு வந்து படுப்பாள்.
பக்கத்து வீட்டு டிராகோவின்
இலை ஊதும் இயந்திரம் எழும்பும்.
பிள்ளைகளின் லீவு நாட்களில்
பூங்கா ஓரம், கார் பின்சீற்றில்,
முகத்தில் துவாயைப் போட்டு நித்திரை கொண்டிருக்கிறாள்.
அதை நான் மூன்றாம் வருஷம்தான் அறிந்தேன்.

கணக்கு என் பொறுப்பு.
எக்செல்லில் முப்பத்தெட்டு வரிசை.
வரைபடம், நாலாயிரத்து இருநூறு.
மண் சோதனை, தொள்ளாயிரம்.
கவுன்சிலுக்கு ஒன்று. கவுன்சிலுக்கு இன்னொன்று,
அது எதற்கென்று இன்னும் விளங்கவில்லை.
பிறகுதான் தெரிந்தது
எங்கள் வளவைக் குறுக்கறுத்து
நிலத்தடியில் ஒரு கழிவுக்குழாய் போகிறதென்று.
அதற்குக் கொன்கிரீட் போர்வை, பதினோராயிரம்.
தெருவே கழுவி ஊற்றியதற்கு
நாங்கள் போர்த்திவிட்டோம்.

அன்றிரவு வெட்டத் தொடங்கினேன்.
மரத்தரை லமினேற் ஆனது.
அலுமாரி கதவுகளை இழந்தது.
ஏசி "அடுத்த வருஷம்" என்ற வரிசைக்கு இறங்கியது.
கடைசியில் யன்னல், இரண்டாயிரத்து அறுநூறு.
சந்தோஷமாய் அழித்தேன்.
பகலில் படுக்கிறவளுக்கு யன்னல் எதற்கு?
"குகை போதும் எனக்கு" என்று
அவளும் சிரித்தாள்.

எலியாஸ் பென்சிலைக் காதில் செருகினார்.
யன்னல் இல்லாவிட்டால் இது அறை இல்லை, ஸ்டோர்.
மனிசர் படுக்கிற அறைக்கு
தரையில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் வேண்டுமாம்.
சட்டம்.

ஒன்று தசம் நாலு சதுர மீற்றர் வெளிச்சத்தை
திரும்பச் சேர்த்தேன்.
அதன் கீழே முப்பத்தொன்பதாவது வரிசை:
இருட்டுத் திரைச்சீலை, முன்னூற்றுப் பத்து.

கடன் பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை.
சனி காலை
யூனிபோமைக் கூடக் கழற்றாமல்
கயிற்றுக்குள், புல்லில்,
தலைமாடு என்று சொன்ன இடத்தில்
தலையை வைத்துக் கிடந்தாள்.

டிராகோ இயந்திரத்தோடு வெளியே வந்தார்.
வேலிக்கு மேலால் கையைக் காட்டினேன்,
வாயில் விரல் வைத்து.
எட்டிப் பார்த்தார்.
தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான்.
ஒரு சதமும் இல்லை.
பன்னிரண்டு வருஷத்தில்
நான் ஒருதரமும் கேட்டதில்லை.