பச்சை மண்

ஆற்காடு ரோட்டில் மூன்று கடைகளில்
அதே முகத்தைக் கலர் பிரிண்ட் எடுத்தேன்.
முதல் கடையில் அவளுக்கு மஞ்சள் காமாலை.
இரண்டாவதில் வெயிலில் நின்றவள்போல் சிவந்திருந்தாள்.
மூன்றாவதில் மை தீர்ந்து
நெற்றியெல்லாம் கோடுகோடாய் மழை.
ஐந்நூறு வருஷத்து இத்தாலிக்காரியின்
நிஜ நிறம் எதுவென்று
சத்துவாச்சாரி மாடியறையில்
யாரைக் கேட்பது?

முதலில் பச்சை மண் பூசவேண்டுமாம்.
பிள்ளைகளைச் சொல்கிற பச்சை மண் இல்லை,
ட்யூபில் வருவது, நிஜமாகவே பச்சை.
கன்னம், கழுத்து, இமையோரம்.
தோல் அதற்குமேல்தான் வரும்
ஒவ்வொரு பூச்சாக,
ஒவ்வொன்றிலும் எண்ணெய் ஒரு சொட்டு கூடுதலாக.

டிபன் பாக்ஸோடு உள்ளே வந்த மெஹராஜ்
"யா அல்லாஹ், இது எப்போ போச்சு?" என்றாள்.

எனக்கு அதில் ஆச்சரியமில்லை.
பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன்.
எந்த நிறத் தோலானாலும்
விரல்நுனி தேடுவது அடியிலிருக்கும் பச்சையைத்தான்.
ஒரு நாளைக்கு நூறு முழங்கை மடிப்பு.
பெயர், நம்பர், கையை மூடுங்க, விடுங்க.
முகம் வரைக்கும் போனதில்லை.

மே மாதம். கரண்ட் இல்லாத மதியம்.
ஆளிவிதை எண்ணெயில் கொசு ஒன்று சிக்கியது,
எடுக்கப்போய்க் கன்னமே கையோடு வந்துவிட்டது.
உதடு எங்கே முடிகிறதென்று
வரைந்தவன் சொல்லவே இல்லை.
கோடு போட்டால் பொம்மை வாய்.
ஏழு வாரம் அந்த வாயிலேயே போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி வெளிச்சம்
மூன்றாம் நாற்காலியில் விழுந்தது.
மால்டாவிலிருந்து வந்தவர்.
ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால்
தாடைக்குக் கீழே, காதை ஒட்டி,
அதே பச்சை.
நரம்பில்லை, நிழல்.
அதன்மேல் பழுப்பு, எங்கோ கொஞ்சம் செம்மை,
எதுவும் எங்கும் முடியாமல்.
ஊசியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன்.

"க்யா ஹுவா, சிஸ்டர்?"

இந்த ஊரில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள்
ஒருவரை அவ்வளவு நேரம் பார்த்தால்
அதற்கு ஒரே அர்த்தம்தான்.
வெளிச்சம் நன்றாயிருந்தது என்று சொல்லும் அளவுக்கு
எனக்கு இந்தி வராது.
"குச் நஹி" என்றேன். அவர் நம்பவில்லை.

பஞ்சை அழுத்திக்கொண்டு கதவு வரை போனவர்
திரும்பினார். முக்கால் முகம்,
கண் மட்டும் என்மேல்.
பிரிண்டில் அவள் திரும்பியிருப்பதும் அப்படித்தான்.
அதைத் திமிர் என்றல்லவா
இத்தனை நாள் வரைந்துகொண்டிருந்தேன்.

இன்று ராத்திரி
கண்ணைச் சுரண்டவேண்டும்
பச்சை தெரிகிற வரை.