கற்றல் விளைவு

அஞ்செட்டி மலைப்பாதையில்
யானை போட்டுப்போன லத்தியைச் சுற்றிப்
பதினேழு பேரும் குந்திக்கொண்டோம்.
மழை விட்டு நான்காம் நாள்.
ஊசி ஊசியாய்
அதில் ராகி முளைத்திருந்தது.

"திருடித் தின்னதைத்
திருப்பிக் குடுக்குதா சார்?"
என்றான் பசவராசு.
போன மாதம் இரவெல்லாம்
கொல்லையில் தகரம் தட்டியவர்
அவன் அப்பா.

இருபதுக்கு மேல் எண்ணத் திணறும் சென்னம்மா
சாணி வண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு...
ஒன்று பறந்துபோக
"ம்ஹூம், நாற்பத்தொன்று" என்றாள்.

கழித்தல் பாடம்
அடுத்த வாரம்தான்.

பதிவேட்டில்
'கற்றல் விளைவு' என்றொரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
வண்டுக் கணக்கை நுணுக்கி எழுதினேன்.
பசவராசு கேட்டதற்கு
இடம் போதவில்லை.
தாளைத் திருப்பினேன்.