மேல் வால்வு

டோனர் என்போம். தொள்ளாயிரம் கிலோ.
மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புப் பன்றி,
கன்னங்குறிச்சி நீரேற்று நிலையத்தில்
உருளைகள்மேல் படுத்தே கிடக்கும்.
எந்தக் கடலின் உப்போ, மின்சாரம் பாய்ந்து
உடைந்ததில் ஒரு பாதி அதன் வயிற்றில்.

முகத்தில் இரண்டு வால்வு,
ஒன்றுக்கு நேர்மேலே ஒன்று நிற்க வேண்டும்.
மேலதைத் திறந்தால் வாயு.
கீழதைத் திறந்தால் திரவம்.
திரவம் ஒரு குவளை கொட்டினால்
வாயு நானூற்றைம்பது குவளை.
சுவரில் எழுதியிருக்கிறது, எழுத்துப் பிழையோடு.

தினமும் முகர்கிறவனுக்கு மூக்கு பொய் சொல்லும்.
ஆறு வருஷத்தில் எனக்கு மல்லிகை போய்விட்டது,
குண்டு மாம்பழம் பாதி போய்விட்டது.
நீலச் சட்டை தோள்பக்கம் வெளுத்திருப்பதைப் பார்த்து
வெயிலில் வேலை என்று நினைக்கிறார்கள்.

அன்று மழை பெய்து ஓய்ந்த ராத்திரி.
காற்றுத் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டிய லுங்கித் துண்டு
செத்தது மாதிரி தொங்கியது.
முதலில் தெரிந்தது பட்டாணிக்கு.
ஷெட் வாசற்படியில் தூங்குகிற நாய்
எழுந்து மனுஷன் மாதிரி இருமியது.
டியூப்லைட் வெளிச்சத்தில், தரையோடு தரையாக,
பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை நிறம்
ஒரு முழ உயரத்துக்கு நின்றது.
அவசரமே இல்லை அதற்கு.
காற்றைவிட இரண்டரை மடங்கு கனம்.
பள்ளம் தேடும் புத்தி,
தண்ணீருக்கு இருக்கிற அதே புத்தி.

பள்ளம் என்றால் சம்ப். அப்புறம் வாய்க்கால்.
அதற்கும் அப்பால் காலனியின் கடைசி வரிசை,
கதவிடுக்கில் துணி அடைக்காமல் தூங்குகிற வீடுகள்.

நெருப்பென்றால் குனி என்று
பள்ளிக்கூடத்தில் சொன்னதை உடம்பு மறக்காது.
இருசப்பன் குனிந்தான்.
காலரைப் பிடித்துத் தூக்கினேன்,
இங்கே எழுத முடியாத வார்த்தை ஒன்று சொன்னேன்,
தொட்டி ஏணியைக் காட்டி
ஏறுடா, ஏறு.
ஏறினான். இருமலில் ஒவ்வொரு படியும்
இரண்டு படியானது.

என் முகமூடியில் இருபது நிமிஷக் காற்று.
தண்ணீர் ஊற்றக் கூடாது.
ஊற்றினால் அமிலம், அமிலம் துளையைத் தின்னும்.
ஊருக்கே தண்ணீர் அனுப்புகிற இடத்தில்
ஒரு வாளி ஊற்ற வழியில்லாமல் நின்றேன்.
குச்சியில் சுற்றிய பஞ்சை அம்மோனியாவில் நனைத்து
ஆரத்தி காட்டுவதுபோல் அதன் முகமெங்கும் நீட்டினேன்.
கீழ் வால்வருகே
வெள்ளைப் புகை எழுந்தது.
அங்கேதான்.

கடப்பாறை போட்டு உருட்டினேன், அரை வட்டம்,
கீழ் வால்வு மேல் வால்வாக ஆகும்வரை.
சொட்டிக்கொண்டிருந்தது மூச்சாகச் சிறுத்தது.
நட்டை முறுக்கினேன். நின்றது.
பதினேழு நிமிஷம்.

பட்டாணி படியிலேயே கிடந்தது.
இருசப்பன் தொட்டி உச்சியில் உட்கார்ந்திருந்தான்,
முதுகுக்குப் பின்னால் ஏற்காட்டுச் சாலை விளக்குகள்
வளைந்து வளைந்து மேலே போயின.
நூற்றெட்டு வரும்வரை
அவன் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தானாம்.

சிறு கசிவு என்று எழுதச் சொன்னார் ஜே.ஈ.
எழுதினேன்.
படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் கிச்சிப்பாளையத்தில்
வரிசையின் கடைசிக் குழாயடி.
பத்து மில்லி தண்ணீர், சில சொட்டு மருந்து.
"மருந்து நாத்தம் கொடலப் பொரட்டுது,
டீ போட்டா டீயாவே இல்ல" என்றார் சிலம்பாயி.
"போன வருஷம் இந்தத் தெருவுல
எட்டுப் பேருக்கு வாந்திபேதி.
அப்ப தண்ணியில ஒரு நாத்தமும் இல்ல."
இரண்டையும் ஒரே புகாராகவே சொன்னார்.

கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
வந்ததா வரவில்லையா என்று ஒரு மஞ்சள்.
பூஜ்யம் புள்ளி இரண்டு.
படியருகே முழ உயரம் நின்றதும் இதுதான்.

குடத்துக்குள் குனிந்து முகர்ந்தேன்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
இருக்கிறது என்று எழுதினேன்.