இன்று காலைதான் போனது

போனில் என் சிங்களத்தைக் கேட்டு
"வாங்க மிஸ், அறை இருக்கு" என்றார்கள்.
வாசலில் என் முகத்தைப் பார்த்து
"அடடா, இன்று காலைதான் போனது."

ஹட்டனில் அந்த மாதம்
எட்டு அறைகள் போயின.
எட்டும் காலையில்,
எட்டும் நாங்கள் படியேறுவதற்குக் கொஞ்சம் முன்னால்.
"நம்ம கால் ராசியைப் பாரு" என்றாள் பிளசிடா,
"தரகு கேட்டிருந்தா வீடே கட்டியிருக்கலாம்."
இருவருக்கும் ஒரு குடை.
அவள் பக்கம் கம்பி ஒடிந்திருந்தது.
சிரித்ததில் என் பக்கமும் நனைந்தது.

தமிழ் வீட்டில் கேள்வி வேறு.
எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்?
கருவாடு பொரிப்பீர்களா?
ஆட்கள் வந்து போவார்களா?
"கருவாடு மட்டும்தான் வந்து போகும், ஐயா"
பணிவாய்ச் சொன்னாள் பிளசிடா.
ஒன்பதாவதும் போனது.

பத்தாவது, பேக்கரிக்கு மேலே.
ஆறு மாத முற்பணம், என் தோடு அடகில்.
விடிய மூன்று மணிக்கே தரை சூடாகிவிடுமாம்,
அதற்குக் காசு இல்லையாம்.
ஒடிந்த குடையால் அளந்தாள் பிளசிடா:
பத்துக்குப் பன்னிரண்டு.
லயத்துக் காம்பராவின் அதே அளவு,
அங்குலம் பிசகவில்லை.
"வெள்ளைக்காரன் ஓசியில தந்தான்.
இதுக்கு மாசம் பதினெட்டாயிரம்."

அன்று மாலையே, மழையோடு,
யாரோ கதவைத் தட்டினார்கள்.
முதலாளி பலகையைக் கழற்ற மறந்திருக்கிறார்.
இரண்டு பெண்கள்,
ஒரு குடை.
"இன்று காலைதான்..." என்று தொடங்கினேன்.
சத்தியமாய் இன்று காலைதான்.

ஒருவரையொருவர் பார்த்துச்
சிரித்துக்கொண்டே
இறங்கிப் போனார்கள்.